ரௌட்டரில் செருகிய பென் டிரைவ்: பள்ளிக்கு ஒரு பொது அலமாரி

சிவகாசிப் பகுதியில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். எங்கள் மாணவர்களின் பெற்றோரில் பெரும்பாலானோர் பட்டாசு ஆலையிலோ, தீப்பெட்டி ஆலையிலோ, அச்சகத்திலோ வேலை பார்ப்பவர்கள். காலையிலேயே வேலைக்கான வேன் வந்துவிடும். பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லை. நாம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாடக் காணொலியைப் பிள்ளைகள் பார்ப்பது இரவில்தான். அதுவும் அப்பாவின் கைபேசியில் அன்றைய டேட்டா மீதம் இருந்தால்தான். ஆகவே, காணொலியோ பயிற்சித்தாளோ எதுவாக இருந்தாலும் அதைப் பள்ளி நேரத்துக்குள் மாணவரிடம் சேர்த்துவிட வேண்டும் என்பது எங்கள் அனுபவம்.

அதற்கு எங்களிடம் இருந்த வழி ஒரே ஒரு பென் டிரைவ். எட்டாம் வகுப்பில் காணொலி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு மாணவர் வந்து நிற்பார்: "சார், டீச்சர் பென் டிரைவ் வாங்கிட்டு வரச் சொன்னாங்க." அந்த பென் டிரைவ் வகுப்பறை, ஆய்வகம், தலைமையாசிரியர் அறை, வெளியே உள்ள நகலகம் என்று எல்லா இடங்களுக்கும் போய்வந்தது. ஒருநாள் வைரஸையும் கொண்டுவந்தது. கோப்புறைகள் எல்லாம் ஷார்ட்கட் குறிகளாக மாறிப்போயின. காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் அது. மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து உருவாக்கிய பயிற்சித்தாள்களை மறுபடியும் தட்டச்சு செய்தோம்.

அந்த மாதப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. ஆஃப்செட் அச்சகம் ஒன்றில் வடிவமைப்பாளராக இருக்கும் பெற்றோர் ஒருவர் சொன்னார்: "சார், எங்க பிரஸ்ல எந்த டிசைனையும் பென் டிரைவ்ல தூக்கிக்கிட்டு அலைய மாட்டோம். எல்லாம் ஒரே இடத்துல கிடக்கும். அவங்கவங்க சிஸ்டத்துல இருந்தே எடுத்துக்கிடுவோம். உங்க ரௌட்டர்ல யூ.எஸ்.பி. ஓட்டை இருக்கான்னு பாருங்க."

இருந்தது. வாங்கியதிலிருந்து யாரும் தொடாத அந்தச் சிறு துளைதான் இக்கட்டுரையின் பொருள்.

இணையம் வேறு, வலையமைப்பு வேறு

நம்மில் பலரும் "வைஃபை இருக்கிறது" என்றால் "இணையம் இருக்கிறது" என்று புரிந்துகொள்கிறோம். இரண்டும் ஒன்றல்ல. ரௌட்டர் இரண்டு வேலைகள் செய்கிறது. முதலாவது, தன்னோடு இணைந்த கணினி, கைபேசி, ஸ்மார்ட் போர்டு ஆகியவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கிறது. இது உள்வலை. இரண்டாவது, அந்த உள்வலையை வெளியே இருக்கும் இணையத்தோடு சேர்க்கிறது. வெளியே கம்பி அறுந்தாலும், மாதக் கட்டணம் நிலுவையில் இருந்தாலும் நிற்பது இரண்டாவது வேலை மட்டுமே. ரௌட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை உள்வலை இயங்கிக்கொண்டேதான் இருக்கும்.

ரௌட்டரின் யூ.எஸ்.பி. துளையில் ஒரு பென் டிரைவைச் செருகினால், அது அந்த உள்வலையின் பொது அலமாரியாகிறது. வைஃபையில் இணைந்த எந்தக் கருவியிலிருந்தும் அதைத் திறக்கலாம். இணைய டேட்டா ஒரு துளியும் செலவாகாது.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். பத்து நிமிடப் பாடக் காணொலி ஒன்றின் அளவு 100 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். 40 மாணவர்கள் தனித்தனியே இணையத்தில் அதைப் பார்த்தால் 4,000 எம்.பி., அதாவது ஏறத்தாழ 4 ஜி.பி. டேட்டா செலவாகும். ஒருமுறை பதிவிறக்கிப் பொது அலமாரியில் வைத்தால் செலவு 100 எம்.பி. மட்டுமே. அடுத்த ஆண்டு வரும் வகுப்புக்கு அதுவும் இல்லை.

உள்ளே நடப்பது என்ன?

பென் டிரைவ் தானாகப் பேசாது. ரௌட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறு கணினிதான். பல ரௌட்டர்களில் ஓடுவது லினக்ஸ். "இந்தக் கோப்பைக் கொடு", "இதோ எடுத்துக்கொள்" என்று இரண்டு கருவிகள் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். விண்டோஸ் கணினிகள் பயன்படுத்தும் அந்த மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல், விண்டோஸ் அல்லாத கணினிகளும் இந்த மொழியைப் பேசுவதற்கு ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கி, 1992-இல் அதை அனைவருக்கும் இலவசமாக வெளியிட்டார். அதுதான் சாம்பா. உங்கள் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'சாம்பா' என்ற சொல்லைக் கண்டால் குழம்ப வேண்டாம். கோப்புகளைப் பகிரும் வசதி என்று புரிந்துகொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் 'மீடியா சர்வர்' அல்லது 'டி.எல்.என்.ஏ.' என்று இன்னொன்று இருக்கலாம். அது காணொலி, பாடல், படம் ஆகியவற்றைத் தொலைக்காட்சிக்கு நேரடியாக அனுப்பும் வழி. வேர்டு கோப்புகளையோ வினாத்தாள்களையோ அது காட்டாது. 'எஃப்.டி.பி.' என்பது மூன்றாவது வழி. பள்ளித் தேவைக்கு முதல் இரண்டு போதும்.

முதலில் வீட்டில் செய்து பாருங்கள்

பள்ளியில் தொடங்கும் முன் உங்கள் வீட்டு ரௌட்டரில் ஒரு விடுமுறை நாளில் முயன்று பாருங்கள். தவறு நேர்ந்தாலும் யாருடைய பாடவேளையும் கெடாது. படிகள் இவை:

1. ரௌட்டரின் பின்புறமோ பக்கவாட்டிலோ யூ.எஸ்.பி. துளை உள்ளதா என்று பாருங்கள். ஃபைபர் இணைப்புடன் வரும் பெட்டிகள் பலவற்றில் இருக்கும். சிலவற்றில் அத்துளை வேறு பயனுக்கு மட்டும் வைக்கப்பட்டிருக்கும். அமைப்புப் பக்கத்தில் 'ஸ்டோரேஜ்', 'யூ.எஸ்.பி. ஷேரிங்' போன்ற தலைப்பு இருந்தால்தான் நம் வேலை நடக்கும்.

2. காலியான ஒரு பென் டிரைவை எடுத்துக் கணினியில் ஃபார்மேட் செய்யுங்கள். அதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஃபேட்32 முறையை ஏறத்தாழ எல்லா ரௌட்டர்களும் படிக்கும். ஆனால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை அதில் வைக்க முடியாது. என்.டி.எஃப்.எஸ். முறையில் அந்தத் தடை இல்லை. அதையும் பல ரௌட்டர்கள் ஏற்கும். எக்ஸ்ஃபேட் முறையைப் படிக்காத ரௌட்டர்கள் உண்டு.

3. கோப்புகளைக் கணினியிலேயே பென் டிரைவுக்கு நகலெடுத்து, வைரஸ் சோதனை செய்து, பிறகு ரௌட்டரில் செருகுங்கள். ஜி.பி. கணக்கில் உள்ளவற்றை வைஃபை வழியாக ஏற்றினால் நேரம் வீணாகும்.

4. வைஃபையில் இணைந்த கணினியில் உலாவியைத் திறந்து, முகவரிப் பெட்டியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டுங்கள். உங்கள் ரௌட்டருக்கு உரிய எண் அதன் அடிப்பக்க ஒட்டுத்தாளில் இருக்கும். உள்ளே நுழைந்ததும் முதல் வேலை, தொழிற்சாலையிலிருந்து வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவது.

5. 'ஸ்டோரேஜ்' பகுதியில் பகிர்வை இயக்குங்கள். கடவுச்சொல் இல்லாமல் யாரும் நுழையும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இரண்டு பயனர்களை உருவாக்குங்கள்: ஒருவர் படிக்க மட்டும், மற்றவர் படிக்கவும் எழுதவும். முதல் கடவுச்சொல் மாணவர் பயன்படுத்தும் கருவிகளுக்கு. இரண்டாவது பொறுப்பாசிரியருக்கு மட்டும்.

6. தொலைவிலிருந்து, அதாவது இணையம் வழியாக, இந்தச் சேமிப்பைத் திறக்கும் வசதி எதுவாக இருந்தாலும் அணைத்து வையுங்கள். பள்ளி அலமாரியைப் பள்ளிக்குள் திறந்தால் போதும்.

இனி, திறக்கும் முறை. விண்டோஸ் கணினியில் ஏதேனும் ஒரு கோப்புறையைத் திறந்து, மேலே உள்ள முகவரிப் பெட்டியில் \\192.168.0.1 என்று தட்டி எண்டர் விசையை அழுத்துங்கள். உங்கள் ரௌட்டரின் எண் வேறானால் அந்த எண்ணை இடுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். திறந்த கோப்புறையின் மேல் வலச்சொடுக்கிட்டு 'மேப் நெட்வொர்க் டிரைவ்' என்பதைத் தேர்ந்தால், டி டிரைவ், இ டிரைவ் போல அதுவும் நிரந்தரமாக வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு கைபேசியிலும் டேபிலும் வி.எல்.சி. செயலியை நிறுவி, அதன் உலாவும் பகுதியில் 'லோக்கல் நெட்வொர்க்' என்பதைத் தொட்டால் காணொலிகள் அங்கிருந்தே ஓடும். மற்ற கோப்புகளுக்கு, நெட்வொர்க் சேமிப்பைத் திறக்கும் வசதியுள்ள கோப்பு மேலாண்மைச் செயலி வேண்டும்.

எங்களுக்கு வந்த இடையூறுகள்

படிகளைச் சரியாகச் செய்தும் எங்களுக்கு முதல் வாரம் முழுவதும் தலைவலிதான். உங்களுக்கும் வரக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

ஒரு கணினியில் திறந்த அலமாரி, புதிதாக வாங்கிய மடிக்கணினியில் திறக்கவில்லை. காரணம் பழுதல்ல, பாதுகாப்பு. 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளை முடக்கிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. அது பரவிய வழி, எஸ்.எம்.பி. மொழியின் மிகப் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அந்த முதல் பதிப்பு தானாக நிறுவப்படுவதில்லை. 2024-இல் வந்த விண்டோஸ் 11 புரோ பதிப்பு, கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் இயல்பாகவே மறுக்கிறது. ஆகவே, பகிர்வுக்குப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மீதிப் பாதி, பழைய முதல் பதிப்பை மட்டுமே அறிந்த ரௌட்டர்கள். "கண்ட்ரோல் பேனலில் போய் அந்தப் பழைய பதிப்பை இயக்கிவிடுங்கள்" என்று சிலர் எளிதாகச் சொல்வார்கள். எமிஸ் பதிவுகளும் சம்பளப் பட்டியலும் உள்ள அலுவலகக் கணினியில் அதைச் செய்யாதீர்கள். கதவு திறக்கவில்லை என்பதற்காகச் சுவரை இடிப்பது போன்றது அது. ரௌட்டரின் மென்பொருளுக்குப் புதுப்பிப்பு உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் மீடியா சர்வரை மட்டும் பயன்படுத்திக் காணொலிகளைக் காட்டுங்கள். அல்லது பயன்படாமல் கிடக்கும் கணினி ஒன்றில் புதிய லினக்ஸை நிறுவி, அதன் ஒரு கோப்புறையைப் பகிருங்கள். பயன் ஒன்றே.

இரண்டாவது இடையூறு கைபேசியில். வெளி இணையம் நின்ற நாளில்தான் அலமாரி அதிகம் தேவைப்படும். ஆனால் அந்த நேரத்தில் கைபேசி, "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று சொல்லிவிட்டுத் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பிறகு அலமாரி தெரியாது. இணைந்தே இருக்கவா என்று கேட்கும்போது 'ஆம்' என்று சொல்லுங்கள். அல்லது மொபைல் டேட்டாவைச் சற்று நேரம் அணைத்து வையுங்கள். ரௌட்டரில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று இருந்தால், அதில் இணைந்த கருவிக்கும் பெரும்பாலும் அலமாரி தெரியாது. அப்படித் தடுப்பதற்காகவே அது இருக்கிறது.

மூன்றாவது, மின்சாரம். யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் வரைதான் தரும், 3.0 துளை 900 வரை. பென் டிரைவுக்கு இது தாராளம். ஆனால் சுழலும் ஹார்டு டிஸ்க் தொடங்கும்போது இதைவிட அதிகம் கேட்கலாம். அப்போது 'டிக் டிக்' என்று ஒலித்துவிட்டு நின்றுவிடும். தனி மின்னிணைப்புள்ள ஹார்டு டிஸ்க் என்றால் இந்தத் தொல்லை இல்லை. கோப்பு எழுதப்படும்போது மின்தடை வந்தால் பென் டிரைவே கெட்டுப்போகலாம். ரௌட்டருக்கென்று விற்கும் சிறு யூ.பி.எஸ். ஒன்றைப் பொருத்தினோம். வாங்கும் முன் உங்கள் ரௌட்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று ஒட்டுத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, வேகம். முன்பு சொன்ன 100 எம்.பி. காணொலி பத்து நிமிடம் ஓட, நொடிக்கு ஏறத்தாழ 1.3 மெகாபிட் வேண்டும். 20 டேபுகளில் ஒரே நேரத்தில் ஓடினால் 27 மெகாபிட். வீட்டு உபயோக ரௌட்டர் ஒன்று, சுவர் தாண்டிய வகுப்பறைக்கு இதைத் தர மூச்சுவாங்கும். நாங்கள் பெரிய திரையில் ஒருமுறை ஓட்டுகிறோம். டேபுகளுக்கு மாணவர் குழுவாக வந்து கோப்பை நகலெடுத்துக்கொள்கிறார்கள்.

ஐந்தாவது, எழுத்துரு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தாள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் திறக்கும். அலமாரியில் வைக்கும் முன் பி.டி.எஃப். ஆக மாற்றிவிடுங்கள். இனி எழுதுபவற்றை ஒருங்குறியிலேயே எழுதுங்கள். கோப்பின் பெயர் சுருக்கமாக, வகுப்பு எண்ணில் தொடங்கட்டும், தேடுவது எளிது.

அலமாரியில் என்ன வைத்தோம்?

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுத் துலங்கல் குறியீடுகள் உள்ளன. அவற்றின் வழியே கிடைக்கும் வளங்களில் பதிவிறக்க அனுமதி உள்ளவற்றை வகுப்புவாரியாகச் சேர்த்தோம். பாடநூல்களின் பி.டி.எஃப். கோப்புகளை வைத்தோம். புத்தகம் மறந்துவந்த நாளில் திரையில் காட்டப் பயன்படுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் கிடைக்கும் தமிழ்ப் படக்கதைகள் ஆறாம் வகுப்பில் தடுமாறி வாசிப்பவர்களுக்கு உதவுகின்றன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் தமிழாசிரியரின் பங்கு. 2003-இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் கோப்பும் இருக்கிறது. அதை ஆய்வகக் கணினிகளுக்கு நகலெடுத்துத் திறக்கிறோம். எங்கள் ஆசிரியர்கள் கைபேசியிலேயே பதிவுசெய்த சோதனைக் காணொலிகளுக்குத்தான் மாணவரிடம் வரவேற்பு அதிகம். திரையில் நம் ஆய்வகமும் நம் டீச்சரும் தெரிந்தால் அவர்களுக்கு ஒரு மகிழ்ச்சி.

நான் செய்த தவறு

இத்தனையும் ஒழுங்காக நடந்தபின் ஒரு பிழை செய்தேன். அதைச் சொல்லாவிட்டால் இக்கட்டுரை அரைகுறையாகிவிடும்.

வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெயரில் 75,000 ரூபாய் வைப்பீடு செய்யும் அரசுத் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். எங்கள் பகுதிப் பள்ளிகளில் அந்த விண்ணப்பம் அரிதானது அல்ல. அப்படி ஒரு மாணவிக்காக இறப்புச் சான்று, காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை, வாரிசுச் சான்று, ஆதார் என எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். தலைமையாசிரியர் அறையில்தான் பிரிண்டர். அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று பொது அலமாரியில் போட்டேன். அச்சிட்டோம், அனுப்பினோம். கோப்பை அழிக்க மறந்தேன்.

நான்கு நாள் கழித்து, வகுப்புக்கான காணொலியைத் தேடிய மாணவர்கள் அதைத் திறந்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் ஏதுமில்லை. "ஸ்கேன்" என்று பெயர் இருந்தது, தொட்டார்கள். விபத்து எப்படி நடந்தது, உடல் எந்த நிலையில் இருந்தது என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இருந்தது. அந்த மாணவிக்கு அவளுடைய வீட்டில்கூட அதையெல்லாம் யாரும் சொல்லியிருக்கவில்லை. வகுப்புத் தோழர்கள் வழியாக அவள் அறிந்துகொண்டாள்.

அவள் என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டாள்: "சார், அத எல்லாரும் பாத்துட்டாங்களா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குச் சென்று அவளுடைய அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தலைமையாசிரியரிடமும் எழுத்தில் தெரிவித்தேன். அவள் ஒரு வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள்.

18 வயதுக்கு உட்பட்டவர்களின் தனிப்பட்ட தகவல்களைக் கையாள்வதற்குத் தனிக் கட்டுப்பாடுகளை 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதிக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மாற்றுச் சான்றிதழ்க் கட்டை, மதிப்பெண் பதிவேட்டை, சாதிச் சான்று நகலை நாம் பீரோவில் பூட்டி வைக்கிறோம். தாழ்வாரத்து மேசையில் போட்டுவிட்டுப் போவதில்லை. அவை கோப்பாக மாறியதும் அந்த எச்சரிக்கை உணர்வு ஏனோ நமக்கு வருவதில்லை. ரௌட்டரில் செருகிய பென் டிரைவ், தாழ்வாரத்து மேசை. கடவுச்சொல் வைத்த பிறகும் அது தாழ்வாரத்து மேசைதான். ஏனெனில் அந்தக் கடவுச்சொல் வகுப்புக்கே தெரியும்.

பட்டாசு ஆலையின் பாடம்

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை, செலுத்தும் அறை, காயவைக்கும் மேடை, இருப்பு அறை எல்லாம் தனித்தனியாக, இடைவெளி விட்டுத்தான் இருக்க வேண்டும். ஓர் அறைக்குள் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று வரம்பு உண்டு. ஓரிடத்தில் தீப்பிடித்தால் அது அங்கேயே நிற்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். வரம்பை மீறி எல்லாவற்றையும் ஒரே அறையில் குவித்தால் என்னவாகும் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த நிகழ்வுக்குப் பிறகு கோப்புகளுக்கும் அதே ஒழுங்கைக் கொண்டுவந்தோம். ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடிவெடுத்து, ரௌட்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம்:

1. பொது அலமாரியில் பாடம் மட்டும். எந்த ஒரு மாணவரின் பெயர், புகைப்படம், ஆதார், வங்கிக் கணக்கு, மதிப்பெண், சான்று எதுவும் அதில் வராது.

2. வினாத்தாள் தேர்வு முடிந்த பிறகே அலமாரிக்கு வரும்.

3. அலுவலகக் கோப்புகள் அலுவலகக் கணினியில் மட்டும். அச்சிட வேண்டுமானால் பிரிண்டர் கேபிளை அந்தக் கணினிக்கு மாற்று; கோப்பை அலமாரிக்கு மாற்றாதே.

4. எழுதும் கடவுச்சொல் இரண்டு ஆசிரியர்களிடம் மட்டும். அவர்களில் ஒருவர் மாறுதலில் சென்றால் அன்றே அது மாற்றப்படும். படிக்கும் கடவுச்சொல் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் மாறும்.

5. மாதத்தின் முதல் வேலைநாளில் அலமாரி முழுவதும் ஒரு ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுக்கப்படும். நகலெடுத்ததும் அதைக் கழற்றி வேறு அறையில் வைப்போம்.

6. வாரம் ஒருமுறை பொறுப்பாசிரியர் அலமாரியைத் திறந்து, இருக்கக்கூடாதது ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்.

ஐந்தாவது விதியைச் சற்று விளக்க வேண்டும். எல்லாம் ரௌட்டரில் பத்திரமாக இருக்கிறது என்று பலர் நினைப்பார்கள். பென் டிரைவ் முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கும் பொருள். இருபத்து நான்கு மணி நேரமும் சூடான ரௌட்டரில் செருகிக் கிடப்பது அதன் ஆயுளுக்கு நல்லதும் அல்ல. எல்லோரும் திறக்கக்கூடிய இடத்தில் ஒரே ஒரு பிரதி இருந்தால், அது இழப்புக்குத் தயாராக இருக்கும் பிரதி. எங்கள் முதல் பென் டிரைவ் ஏழு மாதத்தில் நின்றுவிட்டது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து புதியதற்கு நகலெடுத்து அடுத்த பாடவேளைக்குள் செருகிவிட்டோம். பழைய நாட்களாக இருந்திருந்தால் மூன்று பேர் மறுபடியும் தட்டச்சு செய்துகொண்டிருந்திருப்போம்.

சிறிய பள்ளிகளுக்கு

இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகளும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் நம் அரசுப் பள்ளிகளுக்கு வந்துவிட்டன. ஆய்வகத்தில் முறையான சேமிப்பு ஏற்பாடு உள்ள பள்ளிகளுக்கு இந்தப் பென் டிரைவ் முறை தேவைப்படாமல் போகலாம். ஓராசிரியரோ ஈராசிரியரோ உள்ள தொடக்கப்பள்ளியில், ஒரு திறன்மிகு பலகையும் இரண்டு டேபுகளும் ஒரு ரௌட்டரும் இருக்கும் இடத்தில், இது மிகப் பொருத்தம். ஏற்கெனவே உள்ள ரௌட்டரில் துளை இருந்தால், செலவு ஒரு பென் டிரைவின் விலைதான். பள்ளியின் ரௌட்டர் அமைப்பைத் தொடும் முன் தலைமையாசிரியரின் அனுமதியைப் பெறுங்கள். பழைய அமைப்பின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதேனும் குழம்பினால் மீண்டும் பழையபடி வைக்கலாம்.

இப்போது எங்கள் பள்ளியில் பென் டிரைவ் கேட்டு யாரும் வகுப்பு வாசலில் வந்து நிற்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வீட்டு வேலையாலும் உடல்நலக் குறைவாலும் விடுப்பெடுக்கும் பிள்ளைகள் திரும்பி வந்ததும், மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் அமர்ந்து விட்ட பாடத்தின் காணொலியைத் தாங்களே திறந்து பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த மாணவி பத்தாம் வகுப்பு முடித்து, மேல்நிலைக்கு வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டாள். வாரந்தோறும் அலமாரியைச் சரிபார்க்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் ஆகும். உங்கள் பள்ளியில் அலமாரியைத் திறக்கும் முன்பு, அந்தப் பத்து நிமிடத்தைச் செலவிடப்போகிறவர் யார் என்பதை முடிவு செய்துவிடுங்கள்.